வலி இல்லைன்னு சொல்லு

இரண்டு பையன்களை ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் முதுகுளத்தூர்க்காரன், வலது பக்கம் பாம்பன்காரன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது. அதற்காக அவர்கள் பெயர் அச்சில் ஏற வேண்டியதில்லை. நோட்டு இன்றும் என் பீரோவில் இருக்கிறது. 2016 ஏப்ரல் மாதப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: உயரம், முதுகுளத்தூர்க்காரன் 196 சென்டிமீட்டர், பாம்பன்காரன் 188. இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை, அவன் 197, இவன் 201. நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் எட்டும் உயரம், அவன் 258, இவன் 256.

உயரத்தில் எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். கை எட்டும் இடத்தில் இரண்டே சென்டிமீட்டர். ரிங் 305 சென்டிமீட்டரில் இருக்கிறது. அங்கே யார் கை முதலில் போய்ச் சேருகிறது என்பதுதான் ஆட்டம். இந்தக் கணக்கைப் படிக்க எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். ராமநாதபுரத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது வேலை பார்த்தேன். இந்தப் பக்கம் கபடி உண்டு, வாலிபால் உண்டு, கடற்கரையில் ஃபுட்பால் உண்டு. கூடைப்பந்துக்கு ஆள் சேர்ப்பது சிரமம். எங்களிடம் இருந்தது ஒரு சிமெண்ட் கோர்ட், இரண்டு இரும்புக் கம்பம். உப்புக் காற்றில் ரிங் வருஷா வருஷம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். அந்த ரிங்கில் ஒரு காலத்திலும் வலை கிடையாது. பாம்பன்காரன் எட்டாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுநாள் நைலான் நூல் கண்டும் வலைபின்னுகிற மர ஊசியும் கொண்டுவந்தான். ரிங்கைச் சுற்றிப் பன்னிரண்டு கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் நூலை மாட்டி, கட்டைவிரலை அளவுகோலாக வைத்து, கண்ணி கண்ணியாக இறக்கிக்கொண்டு வந்தான். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். பந்து உள்ளே போனால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பையன்கள் கோர்ட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

முதுகுளத்தூர்க்காரன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். ஊரில் கரிமூட்டம் போடுகிற குடும்பம். சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். இங்கே தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். உயரம் அவனுக்கு வெட்கமாக இருந்தது. தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டித்தான் நடப்பான். குரூப் போட்டோவில் முட்டியை மடக்கி நிற்பான். நான்தான் அவன் முதுகில் தட்டி நிமிர வைத்தேன். அந்த ஒன்றையாவது நல்லதாகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவனுக்கு ரிங் பக்கத்தில் கை மெத்தென்று விழும். போர்டில் எந்த இடத்தில் பட்டால் பந்து உள்ளே இறங்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டான். சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஐந்தேகாலுக்கு நிற்பான்.

2015 மே மாதம் இரண்டு பேரையும் பெரியகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்காதவன் தமிழ்நாட்டில் கூடைப்பந்தைப் பார்க்காதவன். வங்கி அணிகள், ரயில்வே, ராணுவம் என்று வந்து ஆடுவார்கள். கூட்டம் எல்லாம் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, பாம்பன்காரன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அந்தப் பத்தாம் நம்பர் ரிங்கைப் பாக்காமத் திரும்புறாரு. குதிகாலை முதல்லயே திருப்பி வச்சுக்கிறாரு" என்றான். பதினைந்து வயதில் அதைக் கவனிக்கிற பையனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. ஜூன் 26 காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது போனில் செய்தி வந்தது. சத்னாம் சிங் பமாராவை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி எடுத்துவிட்டது. அமெரிக்காவின் என்பிஏ லீக்குக்கு ஆள் எடுக்கும் டிராஃப்டில் இரண்டு சுற்று, முப்பது அணிகள், மொத்தம் அறுபது பேர். அதில் 52ஆவது ஆள். இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டியலுக்குள் போன முதல் ஆள். பஞ்சாபில் பல்லோ கே என்கிற சின்னக் கிராமம், விவசாயக் குடும்பம், ஏழடி இரண்டு அங்குலம். லூதியானாவில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் எஸ். சுப்ரமணியன். அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குள் என்னவோ செய்தது. பதினான்கு வயதில் ஃப்ளோரிடாவுக்குப் போன அந்தப் பையனைவிட, அவனை லூதியானாவில் நிற்கவைத்து ஆடக் கற்றுக்கொடுத்த மனிதரின் இடத்தில்தான் என் மனசு போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னேன்: "நம்ம பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தன் இருக்கான். பாத்துக்கிட்டே இருங்க." யாரும் கேட்காமலே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதே என் வேலை ஆகிவிட்டது.

சத்னாமையும் சிம் புல்லரையும் ஒப்பிட்டுப் பேசுவது அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பழக்கம். புல்லர் டொராண்டோவில் பிறந்த பஞ்சாபிப் பையன், ஏழடி ஐந்து அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் கல்லூரி அணிக்காக இரண்டு வருஷம் ஆடி, இரண்டு வருஷமும் அவர்கள் கான்ஃபரன்ஸ் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினான். அப்படியும் 2014 டிராஃப்டில் அறுபது பேரில் ஒருவனாக அவனை யாரும் எடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. முதல் ஆட்டத்தில் பதினாறு விநாடி. மொத்தமே மூன்று ஆட்டம். ஆனாலும் இந்திய வம்சாவளியில் என்பிஏ கோர்ட்டில் கால் வைத்த முதல் ஆள் அவன்தான். சத்னாமோ டிராஃப்டில் பெயர் வாங்கியும் கடைசிவரை ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. டல்லாஸின் கிளை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் ஆடினான்.

இந்த இருவரில் யார் தேறினார்கள் என்று மணிக்கணக்கில் வாதம் பண்ணியிருக்கிறேன். பார்க்க வேண்டிய விஷயம் வேறு இடத்தில் இருந்தது. புல்லரை எல்லாரும் விட்டுவிட்ட அதே 2014 டிராஃப்டில், 41ஆவது ஆளாக, செர்பியாவிலிருந்து நிகோலா யோகிச் என்கிற பையனை டென்வர் எடுத்தது. குதிக்கத் தெரியாது, உடம்பு மெத்தைபோல இருக்கும். ஆனால் நடுவில் நின்றுகொண்டே நாலு பக்கமும் யார் எங்கே ஓடுகிறார்கள் என்று தெரியும். பின்னாளில் மூன்று தடவை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனான்.

அதைவிட நெருக்கமான பாடம் 2015 ஜூனிலேயே என் வீட்டு டிவியில் ஓடியது. காலை ஆறரைக்கு என்பிஏ இறுதிச் சுற்று. கோல்டன் ஸ்டேட் அணி பின்தங்கியிருந்தது. நாலாவது ஆட்டத்தில் ஏழடிக்காரரான போகட்டை உட்காரவைத்துவிட்டு, ஆறடி ஏழு அங்குலம் இருக்கிற டிரேமண்ட் கிரீனை சென்டர் இடத்தில் நிறுத்தினார்கள். கிரீன் 2012இல் 35ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். கட்டை உயரம் என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். ஆனால் அவர் கையை விரித்தால் ஏழடிக்கு மேல். அந்த ஆட்டத்திலிருந்து தொடர்ந்து மூன்றையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்தார்கள். பெரிய உடம்பு நடுவில் நின்றால் போதும் என்கிற காலம் முடிந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பத்து நாளில் சத்னாம் செய்தி வந்தது. பார்த்ததை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

கட்டை உயரம், நீண்ட கை, படகுக்காரன்போல நிற்கிற கால். என்னிடமே ஒருவன் இருந்தான். பாம்பன்காரனுக்குத் தடுப்பாட்ட நிலையை நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. காலை அகட்டி, முட்டியைத் தளர்த்தி, எடையை இரண்டு பாதத்திலும் சமமாக வைத்து நிற்பான். அலையில் வல்லம் ஆடும்போது அப்படித்தான் நிற்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும் பின்பக்கம் பார்க்காமல் தூக்கிப் போடுவான், ஆள் அங்கே இருப்பான். "எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். "படகுல பின்னாடி நிக்கிற ஆளைத் திரும்பிப் பாத்துக்கிட்டா சார் கயிறு வீசுவாக?" என்றான்.

அவன் பயிற்சிக்குத் தினமும் வரமாட்டான். அவனை ஒதுக்க நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. மார்க்கெட்டில் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். வருஷத்தில் அவன் அப்பா நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. பையன் கூடப் போனால் ஒரு ஆள் பங்கு வீட்டிலேயே நிற்கும். நான் இந்த ஊர்க்காரன், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டில் அவன் பக்கத்தில் 'ஒழுங்கு இல்லை' என்று எழுதினேன். அந்த எழுத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு, கையில் உப்பு வெடிப்போடு, எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து நின்ற பையனைப் பற்றி எழுதிய சொல் அது.

2016 மே மாதம் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. நம் ஊரில் டிராஃப்ட் என்றால் அதுதான். விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, பயிற்சி, மேட்ச். அங்கிருந்து ஏதாவது ஒரு கல்லூரி அணி, அங்கிருந்து வங்கியிலோ ரயில்வேயிலோ போலீசிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. கரிமூட்டக்காரர் வீட்டுக்கும் நாட்டுப்படகு வீட்டுக்கும் அதைவிடப் பெரிய லாட்டரி எது? இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு எழுதியிருந்தார்கள். பதினொன்றில் சேருகிறவர்களுக்கு இடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்க்கை கிடையாது. அதாவது அந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

எத்தனை பேரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் என்னை ஒருவனைத் தேர்ந்தெடு என்று சொல்லவில்லை. தேர்வு பண்ண அங்கே ஆட்கள் இருந்தார்கள். நான் பாம்பன்காரனுக்குத் தேதியைச் சொல்லவே இல்லை.

அவன் அப்பா ஒரு நாள் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் பார்த்துக் கேட்டார், "ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்குறாகன்னு சொல்றாகளே சார், நம்ம பயலைக் கூட்டிட்டுப் போறீகளா?" நான் சொன்னேன், "இந்த வருஷம் உயரம்தான் பாக்குறாங்கண்ணே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவர் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டிவிட்டு, கூடையிலிருந்து நாலு ஊளி மீனை எடுத்து ஓலைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

ஏன் செய்தேன்? இரண்டு பேரையும் ஒரே கோர்ட்டில் விட்டால், பத்து நிமிஷத்தில் யார் ஆட்டக்காரன் என்று தெரிந்துவிடும். டீக்கடையில் நான் அடையாளம் காட்டியது பெரிய பையனை. பாம்பன்காரன் தேறி அவன் தேறாவிட்டால் என் வார்த்தை என்ன ஆவது? இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு பையனுக்குத்தான் துரோகம் செய்தேன் என்று ஆகியிருக்கும்.

முதுகுளத்தூர்க்காரனை அந்த ஒரு வருஷம் நான் விடாமல் குதிக்கவைத்தேன். தண்ணீர்த் தொட்டித் திண்டிலிருந்து சிமெண்ட் தரையில் குதித்து, இறங்கிய வேகத்தில் மேலே எழும்ப வேண்டும். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது. பிப்ரவரியில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். முட்டிச் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் முன்னெலும்பின் மேல்முனையில், கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. தொட்டால் சூடு. "சார், படி இறங்கையில குத்துது." நான் உடற்கல்வி படித்தவன். அதன் பெயர் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பது எனக்குத் தெரியும். வளருகிற வயதில் தொடைத் தசையின் நாண் அந்த எலும்பை, இன்னும் இறுகாத வளர்ச்சிப் பகுதியில், இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது. குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். "வளருற வலிடா, சரியாப் போயிரும்" என்றேன். குதிப்பதைக் குறைக்கவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்: "முட்டில எதுவும் வலி இருக்கான்னு கேப்பாங்க. வலி இல்லைன்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். அவன்தான் சொன்ன சொல்லைத் தட்டாதவன் ஆயிற்றே.

1984 என்பிஏ டிராஃப்டில் ஹூஸ்டன் முதல் ஆளாக லாகோஸிலிருந்து வந்த ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவதாக போர்ட்லாண்ட் எடுத்தது சாம் பவியை. அவனும் ஏழடி, கல்லூரியில் கால் எலும்பு முறிந்து இரண்டு சீசன் உட்கார்ந்தவன். மூன்றாவது ஆளாகத்தான் மைக்கேல் ஜோர்டன் போனார். கூடைப்பந்து பார்க்கிற எல்லாரும் அந்த அணியை இன்றைக்கும் குறை சொல்வார்கள். பல வருஷம் கழித்து, 2012இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் பவியே ஒன்று சொன்னார். போர்ட்லாண்ட் டாக்டர்கள் காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது தனக்கு வலித்தது என்றும், வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றும். அதைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. பவி தானாகச் சொன்ன பொய் அது. என் பையனுக்கு அதை நான் சொல்லிக்கொடுத்தேன்.

அவன் தேர்வானான். டீக்கடையில் எனக்கு மாலை போட்டார்கள். உள்ளூர்ப் பேப்பரில் போட்டோ வந்தது, அவன் பக்கத்தில் நான் நிற்கிறேன். ஏழு மாதம் கழித்து, ஒரு சாதாரணப் பயிற்சியில், ரீபவுண்டுக்குக் குதித்தவன் இறங்கவில்லை, விழுந்தான். நாண் பிடித்திருந்த இடத்தில் எலும்பே பிளந்துவிட்டது. ஆபரேஷன் செய்து இரண்டு ஸ்க்ரூ வைத்தார்கள். விடுதியில் யாரும் தப்புச் செய்யவில்லை. சேர்ந்த முதல் நாளே வலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இவன் நான் சொல்லிக்கொடுத்ததையே அங்கேயும் சொல்லியிருக்கிறான். முழங்கால் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினான். இப்போது மிளகாய் மண்டியில் எடை போடுகிறான். உட்காராமல் நின்றுகொண்டே செய்கிற வேலை.

நான் அவனைப் பார்க்கப் போனது ஒரே தடவை, ஆபரேஷன் முடிந்த மறுவாரம். அவன் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "உங்க பேரைக் கெடுத்துட்டான் சார்" என்று அழுதார். நான் அந்த டீயைக் குடித்துவிட்டு, "விடுங்கம்மா, அவன் என்ன செய்வான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

போன மாதம் பாம்பனுக்குப் போனேன். எட்டு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்ட காரியம். தென்கடல் பக்கம், பாலத்துக்குத் தெற்கே, வல்லங்கள் கரையேறி நிற்கிற இடத்தில் அவன் இருந்தான். தூரத்திலிருந்தே தெரிந்தான். பதினாறு வயதில் ஆறடி இரண்டு அங்குலம் இருந்தவன். எழுந்து நின்றபோது நான் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. பிறகும் மூன்று அங்குலமாவது வளர்ந்திருக்கிறான். கை இன்னும் நீளம். நான் அளக்கும் பழக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் "வாங்க சார்" என்று பெட்டியைத் தட்டி உட்காரச் சொன்னான்.

சொன்னேன். தேதியை மறைத்ததை, அவன் அப்பாவிடம் சொன்ன பொய்யை, நோட்டில் எழுதியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வலையில் சிக்கியிருந்த நண்டை ஒவ்வொரு காலாக நூலிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டான். கால் ஒடியாமல் எடுத்தால்தான் விலை. ஒன்றைக்கூட ஒடிக்கவில்லை.

"தெரியும் சார்" என்றான். "தேர்வு முடிஞ்ச மறுநாளு அவனே போன் பண்ணிச் சொன்னான். நீ ஏன்டா வரலன்னு கேட்டான். எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு."

"நீ என்கிட்ட வந்து கேக்கவே இல்லையேப்பா."

"கேட்டா என்ன சார் சொல்லியிருப்பீக?"

என்னிடம் பதில் இல்லை. அவன் நண்டைக் கூடையில் போட்டு ஈரச் சாக்கால் மூடினான். பிறகு முட்டியில் ஏதாவது பண்ண முடியுமா என்று மதுரையில் விசாரித்ததாகச் சொன்னான். எந்த முட்டி என்று ஒரு விநாடி எனக்குப் புரியவில்லை. முதுகுளத்தூர்க்காரனுடைய முட்டி. இருவரும் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"அவன்கிட்டயும் இதெல்லாம் சொல்லிட்டீகளா சார்?"

"இல்லப்பா."

"சொல்லிருங்க. அவன் இன்னமும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிக்கிட்டிருக்கான். ஒடம்பைப் பாத்துக்கத் தெரியல, சார் பேரைக் கெடுத்துட்டேன்னு போன வாரம்கூடச் சொன்னான்."

நான் கிளம்பும்போது அவன் ரோடு வரைக்கும் கூட வந்தான். பஸ் ஏற்றிவிட்டான். முதுகுளத்தூருக்கு நான் இன்னும் போகவில்லை. மண்டி ஞாயிற்றுக்கிழமை லீவு, அவன் வீட்டில் இருப்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன், நோட்டையும் எடுத்துக்கொண்டு.